பவளத்தின் இரண்டாம் முகம்

குலோத்துங்கன் என்று பெயர் வைத்த அப்பா, பிள்ளை நாடாளுவான் என்று நினைத்தாரோ என்னவோ. அவன் ஆண்டது திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறை, ஒரு சாய்வு மேசை, வருஷத்துக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம், அவ்வளவுதான். எந்தப் பதிப்பகமும் அவனைச் சீண்டவில்லை; அவனும் எந்தப் பதிப்பகத்தின் வாசலிலும் போய் நிற்கவில்லை. கதை அவனுடையது. படம் அவனுடையது. பென்சில் கோட்டின் மேல் மை போடுவது அவன். புத்தகக் கண்காட்சியில் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்து, "காமிக்ஸா? குழந்தைங்களுக்கா?" என்று கேட்பவர்களிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பதும் அவன்தான். பலூன்களுக்குள் வரும் வசனத்தை மட்டும் நண்பன் ஹமீது எழுதிக் கொடுப்பான். குலோத்துங்கனின் கையெழுத்து அத்தனை கேவலம்.

தனி ஆளாகப் புத்தகம் போடுகிறவனுக்கு ஏதாவது தந்திரம் வேண்டுமே. அவன் கண்டுபிடித்த தந்திரம் இது: முன்பதிவு செய்கிறவர்கள் ஒரு புகைப்படம் அனுப்பினால், கதையில் வரும் ஏதாவது ஒரு கூட்டத்தில் அவர்களையும் நிறுத்திவிடுவான். பேருந்து நிலையம், தேர்த் திருவிழா, ஊர்வலம், சாவு வீடு, எதுவானாலும் சரி. ஜனங்களுக்கு இதில் ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. பல் டாக்டர் ஒருவர், தூக்குத் தண்டனையை வேடிக்கை பார்க்கும் கும்பலில் தன்னை வரையச் சொல்லி, அதைச் சட்டம் போட்டுக் கிளினிக்கில் மாட்டியிருந்தார். குலோத்துங்கன் அதோடு விட்டானா? வரைந்த முகத்தையும் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணையத்தில் போட்டு, "யார் எங்கே, கண்டுபிடியுங்கள்" என்று விளையாட்டு வேறு காட்டினான். பத்து வருஷமாக இந்தக் கூத்து. எத்தனை முகம் வரைந்தான் என்று அவனுக்கே தெரியாது.

அந்த விளையாட்டு கடைசியில் வேம்புவின் தலையில் வந்து விடிந்தது.

வேம்பு மன்னார்குடிப் பக்கம். ஏஜென்ட் ஒருவன் வேனில் ஏற்றிக்கொண்டு போய், கடலோரத்து இறால் கம்பெனி ஒன்றில் தோல் உரிக்க விட்டான். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. போன மாதம் ஓடிப்போனவளின் அட்டையை மாட்டிக்கொண்டு இந்த மாதம் வந்தவள் வேலை பார்ப்பாள். ஒரு நாள் குளிர் அறையில் அமோனியா குழாய் வெடித்தது. உள்ளே இருந்த பெண்கள் கதவை நோக்கி ஓடினார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் யாரும் வெயிலில் போய் நின்றுவிடக் கூடாதென்று மேனேஜர் தன் கையாலேயே போட்ட பூட்டு. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவர் பூட்டுவதை வேம்பு பார்த்திருக்கிறாள். அவள் ஒல்லி. ஐஸ் கொட்டுகிற துவாரத்தில் புகுந்து அந்தப் பக்கம் விழுந்தாள். அந்த அறையிலிருந்து பிழைத்தவள் அவள் ஒருத்திதான். விழுந்தவள் எழுந்து ஓடினாள். திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறைக்கு வந்து சேரும்வரை எங்கேயும் நிற்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் பெண்கள் எதிர்த் திசையில் ஓடிவிட்டார்கள் என்று கம்பெனி சொன்னது. இல்லை என்று சொல்ல யாரும் உயிரோடு இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வழக்கை மூடுகிற நேரத்தில், விடுதியில் தங்கியிருந்த வாசகி ஒருத்தி வேம்புவைக் குலோத்துங்கனிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். மத்தியான நேரங்களில் அவள் சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். பூட்டு எந்தப் பக்கம் தொங்கியது, கையுறை என்ன நிறம், யார் முதலில் இருமினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டான். அப்படி வந்ததுதான் 'பூட்டு' என்ற புத்தகம். அதில் அவளுக்குப் பெயர் பவளம். மூக்கைக் குறுக்கி, தாடையை அகலமாக்கி, முடியைச் சுருட்டையாக்கி, பாதிக் கட்டங்களில் புகைக்குள்ளும் மீதியில் முதுகு காட்டியும் நிறுத்தியிருந்தான். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று அவனுக்குத் தன் வேலையில் ஒரு பெருமை.

புத்தகம் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போயிற்று. சட்டசபையில் ஒருவர் அதைத் தூக்கிக் காட்டினார். அரசாங்கம் வேறு வழியில்லாமல் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணைக் கமிஷன் அமைத்தது. "அந்தப் பொண்ணு கமிஷன் முன்னாடி வந்து, மேனேஜர் பூட்டினதைக் கண்ணால பார்த்தேன்னு சொல்லிட்டா போதும், கேஸ் நின்னுடும். அதுவரைக்கும் அவ யாருன்னு காக்காய்க்குக்கூடத் தெரியக் கூடாது" என்றார் வேம்புவுக்காக வாதாட முன்வந்த வக்கீல் மங்கையர்க்கரசி. அதுவரைக்கும் என்றால் ஐந்தாறு மாதம். அதற்குள் அவள் கம்பெனி கையில் சிக்கினால் மிரட்டுவார்கள், விலைக்கு வாங்குவார்கள், இரண்டும் நடக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹமீது வந்தான். 'பூட்டு' இரண்டாம் பாகத்துக்குப் பலூன் எழுதத்தான் வந்திருக்கிறான் என்று பேனாவை எடுத்து நீட்டினான் குலோத்துங்கன். ஹமீது வாங்கவில்லை.

"மாப்ள, முகந்தேடின்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"போலீஸ்காரங்க வெச்சிருக்கறதுதானே? காணாமப் போன பிள்ளைங்களத் தேட."

"அதேதான். எங்க ஆபீஸ்லதான் அதுக்கு வேலை பாக்குறோம். அம்மாக்காரி சொல்லச் சொல்லப் போலீஸ் ஓவியர் வரைவாரு. அந்தப் படத்தக் குடுத்தா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்துலயும் தேடி, இந்தப் புள்ளதான்னு சொல்லும். போட்டோ வேணாம், படமே போதும். எத்தனையோ புள்ளைங்கள மீட்டுக் குடுத்திருக்கு. அதனாலதான் கோர்ட்டே ஏத்துக்கிச்சு. அது சொன்னா சொன்னதுதான்."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். நேத்து உன் புத்தகத்த அதுக்குள்ள போட்டிருக்கானுங்க. கம்பெனிக்காரன் கமிஷன்ல மனு போட்டிருக்கான். அப்படி ஒரு பொண்ணு நெசமாவே இருந்தா யாருன்னு கண்டுபிடிங்கன்னு."

குலோத்துங்கன் சிரித்தான். "போடட்டும். நான்தான் மூஞ்சிய மாத்தி வரைஞ்சிருக்கேனே."

"நீ எல்லா மூஞ்சியையும் ஒரே மாதிரிதான்டா மாத்துற" என்றான் ஹமீது. "யார் மூக்கா இருந்தாலும் குறுக்குவ. யார் தாடையா இருந்தாலும் அகலமாக்குவ. உனக்கே தெரியாது. மத்த ஓவியனா இருந்தா அதுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது. நீதான் பத்து வருஷமா போட்டோவையும் படத்தையும் ஒண்ணாப் போட்டுக் காமிச்சிருக்கியே, இவர இப்படி மாத்துனேன், அவர அப்படி மாத்துனேன்னு. உன் கை என்ன பண்ணும்னு அது மனப்பாடமா வெச்சிருக்கு. உன் படத்துல இருந்து உன் கையக் கழிச்சா, மிச்சம் இருக்கறது அவ மூஞ்சிதான்."

பல் டாக்டரும் தேர்த் திருவிழாவும் குலோத்துங்கனின் கண்முன் வந்து போயின. தலை தலையாய் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"கண்டுபிடிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. முகம் சரியாத் தெரியற கட்டம் கம்மி. புகையும் முதுகுமா வரைஞ்சு வெச்சிருக்க, அல்லா காப்பாத்தினான். உறுதியாச் சொல்லாமத் திணறிட்டு இருக்கு. ஆனா எத்தன நாளைக்கு? திரும்பத் திரும்பப் போட்டா என்னிக்காவது ஒரு நாள் வந்து நிக்கும்."

"ரெண்டாம் பாகத்த நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தினா மட்டும்? முதல் பாகம் வெளிய இருக்கே."

குலோத்துங்கன் மேசையில் கிடந்த இரண்டாம் பாகத்துப் பென்சில் தாள்களைப் புரட்டினான். பிறகு அவன் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். "ரெண்டாம் பாகத்துல பவளத்துக்கு வேற முகம் குடுத்தா?"

"எப்படி?"

"அமோனியாப் புகை பட்டு அவ முகம் வீங்கித் தேறினதுக்கு அப்புறம் நடக்கற கதை அது. கொஞ்சம் மாறியிருந்தா வாசகன் கேக்க மாட்டான். பக்கத்துக்குப் பக்கம் அவ முகத்தக் கிட்டத்துல, வெளிச்சத்துல, தெளிவா வரையறேன். ரெண்டு பாகத்தையும் சேத்துப் பாத்தா, அந்த மிஷினு எதை நம்பும்?"

ஹமீது யோசித்தான். "தெளிவா இருக்கறதத்தான் நம்பும். ஆனா யார் முகத்த வெப்ப?"

"யாரோடதும் இல்ல. கற்பனை."

"அப்படி ஒரு முகம் இருக்காடா? யாரோடதும் இல்லாத முகம்?"

"நான் ஓவியன்டா" என்றான் குலோத்துங்கன். அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தத் திமிர் போகவில்லை.

ஒரு பாத்திரத்தை வரைவதற்கு முன்னால் மாதிரித் தாள் என்று ஒன்று போடுவார்கள். நேராகப் பார்க்கிற முகம், பக்கவாட்டு முகம், குனிந்த முகம், சிரிப்பது, அழுவது, கத்துவது எல்லாம் ஒரே தாளில் இருக்கும். ஆள் கட்டத்துக்குக் கட்டம் மாறிவிடக் கூடாது அல்லவா? குலோத்துங்கன் தன் ஆயுளில் போட்ட மாதிரித் தாள்களிலேயே அதுதான் அற்புதம். மேடான நெற்றி, கொஞ்சம் இடைவெளி விட்ட புருவம், ஒரு பக்கம் சற்றே தூக்கிய உதடு. தெரிந்தவர்கள் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்து, அவர்களில் யாருடைய சாயலும் விழாமல் விலக்கி விலக்கி வரைந்தான். கை வழக்கமாகப் போகிற பக்கம் போகவிடாமல் பிடித்து இழுத்தான். வரைந்து முடித்ததும் அவனுக்கே அந்தப் பெண்ணிடம் ஒரு மரியாதை வந்தது.

வேம்பு வழக்கம்போல மத்தியானத்தில் வந்து உட்கார்ந்தாள். மேசையில் இருந்த தாளைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

"யாருமில்லம்மா. இனிமே இதுதான் பவளம்."

"என்னையத் தூக்கிட்டீங்களா?"

"உன்னைய மறைச்சு வெச்சிருக்கேன். கமிஷன்ல நீ பேசற வரைக்கும்."

அவள் அந்த அழுகிற முகத்தை விரலால் தொடாமல் தொட்டாள். "பாவம். யாருமில்லாதவளுக்கு என்னத்துக்கு இவ்வளவு அழுகை?" என்றவள், தானே சிரித்துக்கொண்டாள். "சரி எழுதிக்கங்க. அன்னிக்கு என் பக்கத்துல நின்ன ராசாத்தி அக்கா கடைசியா என்ன சொன்னுச்சுன்னு கேட்டீங்கல்ல?"

இரண்டாம் பாகம் வந்தது. பவளம் பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சத்தில் நின்றாள். வாசகர்கள் உருகினார்கள். இப்படி ஒரு உயிருள்ள முகத்தைத் தமிழ்ச் சித்திரக்கதை பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதினார். குலோத்துங்கன் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தெம்பாக இருந்தான். பாவி, அந்த ஒரு வரியைக் கவனித்திருக்கலாம்.

ஹமீது இந்தத் தடவை படியேறி வரவில்லை. கீழே டீக்கடைக்குக் கூப்பிட்டான். டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சிருச்சு" என்றான்.

"வேம்புவையா?"

"இல்ல. உன் யாருமில்லாதவள."

ஆத்தூர்ப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கழுவுகிற பெண். பெயர் கனகவல்லி. இரண்டு பிள்ளைகள். மேடான நெற்றி, இடைவெளி விட்ட புருவம், ஒரு பக்கம் தூக்கிய உதடு. அவன் கை வழக்கமாக மாற்றுகிற மூக்கும் தாடையும் மட்டும்தான் கொஞ்சம் வேறு. முகந்தேடி துளிகூடத் தயங்கவில்லையாம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை வழியிலேயே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

"நான் அவளப் பாத்ததே இல்லடா" என்றான் குலோத்துங்கன். "சத்தியமா. ஆத்தூருக்கே நான் போனதில்ல."

"நீ பாத்திருக்கணும்னு என்ன? எட்டுக் கோடிப் பேரு இருக்கோம்டா. மனுஷ மூஞ்சின்னு ஒண்ணு வரைஞ்சா அது யாருக்காவது பொருந்தித்தான் தீரும். நீ கண்ணு மூக்குத் தப்பா வரையறவனா இருந்திருந்தா பொருந்தியிருக்காது. நீதான் உயிரக் குடுத்து வரைஞ்சியே."

"போய்ச் சொல்லிடலாம். இது கற்பனைன்னு சொல்லிடலாம்."

"சொல்லு. அப்ப நெசமான ஆளு யாருன்னு அடுத்த கேள்வி வரும். வேம்புவக் காட்டிக் குடுக்குறியா?"

கமிஷன் கூடுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. குலோத்துங்கன் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம்தானே, பிறகு வேம்பு பேசிவிட்டால் கனகவல்லியைத் தானாக விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் முகம்தான் அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்த முகம். அவள் எப்படி அழுவாள் என்று தெரியும். குனிந்தால் நெற்றியில் எங்கே நிழல் விழும் என்று தெரியும். சாப்பாட்டில் கை வைக்கும்போதெல்லாம் அது வந்து நின்றது. அந்த மாதத்தில் அவன் ஒரு கோடுகூடப் போடவில்லை.

விசாரணை நாள் வந்தது. மாவட்ட அலுவலகத்தின் பழைய கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வேம்பு விடுதி வார்டனிடம் இரவல் வாங்கிய நல்ல புடவை கட்டியிருந்தாள். வராந்தாவில் காத்திருந்தபோது எதிர் பெஞ்சில் ஒரு பெண் போலீஸுடன் கனகவல்லி உட்கார்ந்திருந்தாள். குலோத்துங்கனுக்கு மூச்சே நின்றுவிட்டது. தான் கற்பனையில் செய்த ஒருத்தி எதிரே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் நிற்காது?

யாரோ அவனைக் காட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அவள் எழுந்து வந்தாள்.

"நீங்கதானுங்களா அந்தப் படம் போட்டவரு?"

"ஆமாம்மா."

"என்னைய எங்கங்க பாத்தீங்க?"

அவன் குனிந்து அவள் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான்.

"நான் கடலயே பாத்ததில்லைங்க. அதச் சொன்னேன், கேக்க மாட்டேங்கறாங்க. இத்தனை பக்கத்துலயும் உன்ற மூஞ்சி இருக்குதே, பொய் சொல்றியாங்கறாங்க. பொறவு கம்பெனிக்காரங்க வந்து நல்லபடியாப் பேசுனாங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா வீட்டுக்குப் போயிரலாம்னாங்க." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "காலைலயே சொல்லிப்போட்டனுங்க. புள்ளைங்களப் பாத்து மாசமாச்சு."

பக்கத்தில் இருந்த வேம்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கனகவல்லியின் கையிலிருந்து பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

நீதிபதி நல்ல மனுஷர். வேம்புவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நடந்ததை அவசரப்படாமல் சொல்லம்மா என்றார். அவளும் சொன்னாள். பூட்டு, கண்ணாடி, மேனேஜரின் சட்டை, ராசாத்தி அக்காவின் இருமல், ஐஸ் துவாரம், ஒன்று விடவில்லை. சொல்லி முடித்ததும் கம்பெனி வக்கீல் எழுந்து, இரண்டு புத்தகங்களை மேசை மேல் வைத்தார்.

"ஐயா, இந்தம்மா சொன்னதெல்லாம் இதுலயே இருக்கு. வரிக்கு வரி. படிச்சிட்டு வந்து யார் வேணும்னாலும் சொல்லலாம். புத்தகத்துல வர்ற பொண்ணு யாருன்னு முகந்தேடி ஏற்கெனவே சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு காலைலயே வந்து, கதவு திறந்துதான் இருந்ததுன்னு சாட்சியும் சொல்லிடுச்சு."

மங்கையர்க்கரசி எழுந்தார், எதிர்த்தார், என்னென்னவோ பிரிவுகளைச் சொன்னார். நீதிபதி கேட்டுக்கொண்டார். பிறகு வேம்புவைப் பார்த்து, "புத்தகத்தில் இல்லாத ஏதாவது ஒன்று இருந்தால் சொல்லம்மா. அங்கே இருந்தவளுக்கு மட்டும் தெரியக்கூடிய ஒன்று" என்றார்.

வேம்பு யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். குலோத்துங்கனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லாம விட்டதுன்னு ஒண்ணும் இல்லைங்கய்யா. அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு வாங்கிட்டாங்க."

அவளுடைய வேலை அட்டையில் வேறொருத்தியின் பெயர் இருந்தது. ஏஜென்டைக் காணவில்லை. கூட இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. குலோத்துங்கன் கூண்டில் ஏறினான். முதல் பாகத்தில் வரைந்தது இவளைத்தான், இரண்டாம் பாகத்தில் வேண்டுமென்றே பொய் முகம் வரைந்தேன், அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒப்புக்கொண்டான்.

"உண்மைக் கதை என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள்" என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா."

"அதில் வரும் முகம் பொய் என்கிறீர்கள். பூட்டு மட்டும் உண்மை என்று நான் எப்படி எடுத்துக்கொள்வது?"

கம்பெனி வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. அவருக்கு இந்தப் பெண் சொல்வது உண்மை என்று உள்ளுக்குள் பட்டிருக்க வேண்டும். ஏதாவது ஒரு வழி கிடைக்குமா என்று தேடியவர்போல, "நீங்கள் வரைந்தால் முகந்தேடி ஆளைச் சொல்லிவிடும் என்கிறார்கள். இவள்தான் அவள் என்றால், இங்கேயே வரைந்து காட்டுங்கள். அது ஒத்துக்கொண்டால் நானும் ஒத்துக்கொள்கிறேன்" என்றார்.

தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். வேம்பு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு படம் வரைந்ததில்லை. மூக்கைக் குறுக்கவில்லை. தாடையைத் தொடவில்லை. கை பழக்கத்தில் நழுவிய இடத்திலெல்லாம் நிறுத்தி, அழித்து, அவளைப் பார்த்து, இருப்பதை இருந்தபடியே போட்டான். இத்தனை நாள் இவளை மறைத்ததற்கெல்லாம் சேர்த்து இன்று காட்டிவிட வேண்டும் என்று வரைந்தான். வேம்புவும் கண்ணைக்கூட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் தாளை வாங்கிப் போன டவாலிச் சேவகர் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குதுங்கய்யா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நீதிபதியும் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார். தப்பித்தோம் என்று குலோத்துங்கன் நினைத்தான்.

முகந்தேடியை இயக்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த இளைஞன் படத்தை அதில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்தான்.

"இந்தம்மா இல்லைங்கய்யா."

"சரியாகப் பாருங்கள். கண்ணுக்கே தெரிகிறதே?"

"கண்ணுக்கு அப்படித்தாங்கய்யா தெரியும். ஆனா இவரு வரைஞ்ச படத்த அப்படியே எடுத்துக்கக் கூடாது. இவரு கை எப்பவும் மாத்தித்தான் வரையும். மூக்கு இவ்வளவு, தாடை இவ்வளவுன்னு கணக்கு இருக்கு. அதக் கழிச்சுட்டுத்தான் ஆளத் தேடணும். கழிச்சுப் பாத்தா வேற யாரோ மாதிரி வருது. இந்தம்மா கண்டிப்பா இல்ல."

குலோத்துங்கனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எப்போதும்போலப் பொய்யாக வரைந்திருந்தால் அது இவளைக் கண்டுபிடித்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாக வரைந்ததால்தான் கண்டுபிடிக்கவில்லை.

"ஐயா, இன்னொரு தடவை வரையறேன்" என்று கத்தினான். "இந்தத் தடவை மாத்தி வரையறேன். வழக்கமா மாத்தற மாதிரி மாத்தி வரைஞ்சா அது சொல்லிடும்."

கூடமே சிரித்தது. நீதிபதி தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பார்த்து வரைந்தது பொருந்தவில்லை. பொருந்துகிற மாதிரி மாற்றி வரைகிறேன் என்கிறீர்கள். அதை நான் எப்படியய்யா பதிவு செய்வது?"

சாட்சி நிரூபணமாகவில்லை என்று எழுதினார். எழுதும்போது அவர் வேம்புவைப் பார்க்கவில்லை. மேல்முறையீடு என்று மங்கையர்க்கரசி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரலில் உயிரில்லை; அவருக்குத் தெரியாததா? பிழைத்தவள் என்று பதிவான பெண்ணே கதவு திறந்திருந்தது என்று சொன்ன பிறகு மேலே போய் எதை முறையிடுவது?

வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. கனகவல்லியை ஏற்றிக்கொண்டு ஆத்தூருக்கு ஒரு ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் பின்சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். குலோத்துங்கன் பக்கம் பார்க்கவில்லை.

வேம்பு வேப்பமர நிழலில் நின்று இரவல் புடவையின் தலைப்பை மடித்துச் செருகிக்கொண்டாள். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்தான் குலோத்துங்கன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"இனிமே யாரும் என்னையத் தேட மாட்டாங்கல்ல?"

"தேட மாட்டாங்க."

"கம்பெனிக்காரங்க?"

"தேட மாட்டாங்கம்மா. அவங்களுக்கு ஆள் கெடைச்சாச்சு."

"போலீசு?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவள் சாலையைப் பார்த்தாள். மன்னார்குடி போட்ட பேருந்து ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார்.

"அப்ப நான் ஊருக்குப் போலாம்" என்றாள் வேம்பு.

சொன்னாளே தவிர ஏறவில்லை. பேருந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அடுத்ததும் வந்து, நின்று, போயிற்று. ஊரில் யாராவது நீ எங்கே இருந்தாய், என்ன ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் யோசிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் கேட்டால் சொல்வதற்கு அவனிடமும் ஒன்றும் இல்லை.